குப்பி எவிடெ சாரே?

மேலாளர்களுக்கு சிஸ்டம்ஸ் திங்கிங் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். ஒரு துறையில் குடைச்சல் வந்தால் அந்தத் துறையை மட்டும் முறைக்காதே. அதோடு ஒட்டியிருப்பதையெல்லாம் பார், இன்று நீ செய்கிற வைத்தியம் ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கம் வீங்கும் என்று யோசி. சரக்கு இவ்வளவுதான். இதை ரெண்டு நாளைக்கு இழுக்கத் தெரிந்தவனைப் பயிற்சியாளர் என்பார்கள்.

கோயம்புத்தூர்க்காரனான எனக்கு வகுப்பெடுக்க அதிகம் வாய்த்த ஊர் கொச்சியின் இடப்பள்ளி. சேலத்தில் புறப்படும் 544ஆம் எண் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாக வந்து, பாலக்காடு, திருச்சூர் தாண்டி, இடப்பள்ளியில் 66ஆம் எண் சாலையில் முட்டி முடிகிறது. முட்டுகிற இடத்தில் நெரிசல் இல்லாமல் இருக்குமா? 2013இல் லுலு மால் வந்தது. 2016இல் மேம்பாலம் திறந்தார்கள். பிறகு பாலாரிவட்டம், வைற்றில, குண்டன்னூர் என்று பைபாஸ் நெடுகப் பாலங்கள். "ஒரு சந்திப்பை அவிழ்த்தால் முடிச்சு அடுத்த சந்திப்புக்கு நகரும். சாலை சுகமானால் வண்டி கூடும்" என்று போர்டில் அம்புக்குறிகள் போட்டு ஒருமுறை அழகாக விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் பணிவாகக் கேட்டார்: "சார் எதில வந்தீங்க?"

டாக்ஸியில். தனி ஆளாக. ரயிலில் வந்து ஆலுவாவில் இறங்கினால் மெட்ரோ கொண்டுவந்து லுலு வாசலிலேயே விட்டுவிடும். 2017இலிருந்தே ஓடுகிறது. கூட்டமாக இருக்குமே என்று நினைத்தேன் என்றேன். அந்த அறையில் ஒருவரும் சிரிக்காமலிருந்ததுதான் தாங்கமுடியவில்லை.

என் கையிலிருக்கும் பிரம்மாஸ்திரம் 'பீர் கேம்'. அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் ஆட்கள் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. சில்லறைக்கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நாலு பேர். வாயைத் திறக்கக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். கேட்ட சரக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். வாடிக்கையாளர் வாரம் நாலு பெட்டி வாங்கிக்கொண்டிருப்பார். ஐந்தாம் வாரம் அது எட்டாகும். அப்புறம் கடைசிவரை எட்டேதான். அந்த ஒரு அசைவுக்கு இந்த நாலு பேரும் படும் பாடு இருக்கிறதே! சரக்கு வரவில்லை என்று கூடுதலாகக் கேட்பார்கள், இன்னும் வரவில்லையே என்று இன்னும் கேட்பார்கள், ஆலைக்கு நாற்பது ஐம்பது என்று சீட்டு போகும். கேட்டதெல்லாம் ஒருசேர வந்திறங்கும்போது கிடங்கில் நிற்க இடமிருக்காது. அதே எம்ஐடியின் ஜான் ஸ்டெர்மன் 1989இல் கணக்குப் போட்டு எழுதினார்: ஆட்டக்காரர்களின் செலவு, ஆகியிருக்க வேண்டியதைவிடச் சராசரியாகப் பத்து மடங்கு. முடிந்தபின், "வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார், வரையுங்கள்" என்றால் எல்லோரும் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைவார்கள். நான் வாடிக்கையாளரின் ஆர்டர் சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டுவேன். அந்த நிமிஷத்துத் திகைப்புக்குத்தான் எனக்குக் கூலி.

இடப்பள்ளியில் முதன்முதலில் ஆட்டத்தின் பெயரைச் சொன்னதுமே ஒரு குரல்: "குப்பி எவிடெ சாரே?" பாட்டில் எங்கே என்கிறார். மதியம்வரை அறை அடங்கவில்லை. அடுத்த தடவை புத்திசாலித்தனமாக பீரை எடுத்துவிட்டு மிளகு மூட்டை என்று மாற்றினேன். கொச்சி அல்லவா, மண்ணின் மணம் வீசட்டுமே என்று.

அந்தக் குழுவில் மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர் இருந்தார், கிடங்கு மேலாளர். அவருடைய வாப்பா பஜார் ரோட்டில் மிளகு வியாபாரம் செய்தவர். "சாரே, உங்க ஆலை ரெண்டு வாரத்தில மிளகு தருது. கொடி காய்க்கவே மூணு நாலு வருஷம் வேணுமே" என்றார். அதோடு விட்டாரா? தொண்ணூறுகளின் கடைசியில் விலை உச்சத்துக்குப் போனபோது ஆளாளுக்குக் கொடி நட்டார்கள், வியட்நாமில் மலைமலையாக நட்டார்கள், எல்லாம் காய்த்துச் சந்தைக்கு வந்த நேரத்தில் விலை தரைக்கு வந்துவிட்டது, வாப்பா வாங்கிவைத்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தார் என்று ஐந்தே நிமிஷத்தில் சொல்லிமுடித்தார். டீக்குப் பிறகு நான் நடத்தவிருந்த பாடம் அப்படியே அதுதான். விவரமுள்ளவனாக இருந்தால் அவரையே இன்னும் பேசவிட்டிருப்பான். நான் ஸ்லைடைப் போட்டு, அவர் சொன்னதையே ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

பயிற்சி பலிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பலித்த விதம்தான் விசேஷம். 'ஆளைக் குறை சொல்லாதே, அமைப்பைப் பார்' என்று ஒரு நிறுவனத்தில் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி போனபோது அங்கே ஒரு தவறுக்கும் ஆள் இல்லை. அனுப்பாத பில், எடுக்காத போன், காணாமல்போன கோப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "அது சிஸ்டம் இஷ்யூ சார்." தாமதமாக வந்த ஒருவர் காரண-விளைவு வட்டமெல்லாம் போட்டு விளக்கினார். வட்டம் சரியாகவே இருந்தது, பாராட்டும்படி ஆகிவிட்டது.

இனிச் சொல்வதுதான் கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது. மாதக் கடைசி இலக்கு என்கிற வியாதியைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசுவேன். இலக்கை எட்ட வேண்டுமென்று விற்பனைக்காரர்கள் தள்ளுபடி கொடுத்து டீலர் தலையில் சரக்கைக் கட்டுவார்கள். அடுத்த மாதம் முதல் பத்து நாள் ஆர்டரே வராது. அந்தப் பள்ளத்தை நிரப்ப மறுபடி மாதக் கடைசியில் தள்ளுபடி. இதைக் கேட்டுத் தலையாட்டாத மேலாளர் கிடையாது. ஆனால் என் தொழிலே மார்ச்சில்தான் நடக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று ஹெச்ஆர்காரர்கள் பறப்பார்கள். மார்ச்சில் மூச்சுவிட நேரமிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஈ ஓட்டுவேன். அந்த வறட்சிக்குப் பயந்து பிப்ரவரியிலேயே 'மார்ச் சலுகை' என்று எல்லோருக்கும் வாட்ஸப் அனுப்புகிறவனும் நானேதான்.

இதையும் மட்டாஞ்சேரிக்காரர்தான் பிடித்தார். குழுப் பயிற்சியில் தன் முறை வந்ததும் மார்க்கரை வாங்கி வரைந்தார்: மாதக் கடைசி நெருக்கடி, அதனால் கிடங்கில் சண்டை, அதனால் மேலிடத்துக்குப் புகார், அதனால் பயிற்சி, அதனால் ரெண்டு நாள் நிம்மதி, அந்த நிம்மதியில் இலக்கு முறையை மாற்றுகிற பேச்சே அடங்கிப்போவது, மறுபடி நெருக்கடி. பயிற்சி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி, ஸ்பெல்லிங் சரிதானா என்று வேறு கேட்டார்.

உடனே போட்டோ எடுத்துக்கொண்டேன். நல்ல படம், இப்போது எல்லா வகுப்பிலும் காட்டுகிறேன். என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் 'வெளி ஆலோசகர்' என்று மாற்றியிருக்கிறேன்.