அரிசித் திப்பிலியா, கண்டந்திப்பிலியா?

எனக்கு வந்தது வைத்தியத்தால் வந்த இருமல். வெளியில் சொல்லிவிடாதீர்கள். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று நானே முடிவுகட்டி, ஒரு சனிக்கிழமை காலையில் தலையில் நல்லெண்ணெயை வைத்து அரக்கி, சீயக்காய் தேய்த்து, ஜமீன்தார் மாதிரி வெந்நீரில் குளித்தேன். அதுவரைக்கும் சரி. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குத் தயிர் ஆகாது, பகல் தூக்கம் ஆகாது என்று இரண்டு சட்டம் இருக்கிறதே, அதில் முதலாவதை ஒரு மணிக்கும் இரண்டாவதை ஒன்றரை மணிக்கும் மீறினேன். நாலரைக்கு எழுந்து 'காபி' என்று கேட்க வாயைத் திறந்தால் 'லொக்' என்று வந்தது.

மற்ற நாளாக இருந்தால் தெருமுனை டாக்டரிடம் 300 ரூபாயோடு விஷயம் முடிந்திருக்கும். அந்தச் சமயம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்திருந்தார். "இதுக்குப் போயி டாக்டரா? வீட்டுல மிளகு இல்லையா, மஞ்சள் இல்லையா?" என்றார். மிளகு இருந்தது. மஞ்சள் இருந்தது. தப்பித்துப் போக இடம்தான் இல்லை.

அன்று ராத்திரி மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டு ஒரு டம்ளர் பால் வந்தது. பேசாமல் குடித்திருக்கலாம். எதைக் கையில் கொடுத்தாலும் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசினால்தான் எனக்குத் தொண்டைக்குள் இறங்கும். "இந்த மஞ்சள் புண்ணை ஆற்றும்னு 1995-ல அமெரிக்காவுல காப்புரிமையே கொடுத்துட்டாங்க, தெரியுமா? நம்ம சி.எஸ்.ஐ.ஆர். விடலையே! இது எங்க பாட்டி காலத்துச் சமாசாரம்னு பழைய நூலையெல்லாம் எடுத்துக் காட்டி, 1997-ல அதை ரத்து பண்ண வச்சிட்டாங்க. மஞ்சள் உடம்புல ஒட்டணும்னா மிளகு கூட இருக்கணும், அதனாலதான் நம்ம பெரியவங்க..." என்று சொல்லிக்கொண்டே வரும்போது, பெரியவர்களுக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. பால் முழுவதும் பனியனில்.

என் மனைவி பனியனைப் பார்த்தாள். "அமெரிக்காவுல ரத்தாச்சு, சரி. இந்தக் கறை எப்போ ரத்தாகும்?" என்றாள்.

மறுநாள் கஷாயம் என்று தீர்மானமாயிற்று. அதற்கு முன்னோட்டமாக, அலமாரிக்குப் பின்னாலிருந்து 2020-ல் வாங்கிய கபசுரக் குடிநீர்ப் பொடியை எடுத்து வந்தார்கள். வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. 15 சரக்கு சேர்ந்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. 16-வது உள்ளே நடந்துகொண்டிருந்தது.

ஆகவே நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். சுக்கு, மிளகு, திப்பிலி என்று வழியெல்லாம் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு போனவன், முறை வந்ததும் கம்பீரமாக, "திப்பிலி 50 கிராம்" என்றேன்.

"அரிசித் திப்பிலியா, கண்டந்திப்பிலியா?"

இப்படி ஒரு குறுக்குக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரிவோடுதான் சொன்னார்: "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா அனுப்புங்க சார்."

எனக்கு வயது 54.

மானம் போகிற வேகத்தில் "கண்டந்திப்பிலி" என்று சொல்லிவிட்டேன். பெயரில் ஒரு கனம் இருந்ததுதான் காரணம். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் குச்சி குச்சியாக இருக்கிறது. கஷாயத்துக்கு வேண்டியது அரிசித் திப்பிலி, அது காய். நான் வாங்கியது அந்தக் கொடியின் தண்டும் வேரும். "இது ரசம் வைக்கதுல்லா மாப்பிள்ளை. கைகால் உளைச்சலுக்கு வைக்கலாம், பிள்ளை பெத்தவளுக்கு வைக்கலாம்" என்றார் மாமியார். 50 கிராம் என்பது ரசத்துக்கு எவ்வளவு பெரிய அளவு என்று அப்புறம்தான் தெரிந்தது. மூன்று நாள் அதே ரசம். மூன்றாம் நாள் என் மகன் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, தம்பியா தங்கச்சியா?" என்றான். கல்லூரிக்குப் பணம் கட்டிப் படிக்கவைக்கிறேன்.

அரிசித் திப்பிலியை என் மனைவியே போய் வாங்கி வந்தாள். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டவேண்டும், பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்று அடுப்படியில் என்னை நிறுத்தினார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாலு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. அதற்குள் ஹாலில் மேட்ச் கடைசி ஓவருக்கு வந்துவிட்டது. திரும்பி வந்தபோது பாத்திரத்தின் அடியில் தார் போட்ட மாதிரி ஏதோ இருந்தது. மாமியார் கோபப்படவில்லை. கரண்டியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பாழாப் போகலை. லேகியம் ஆயிட்டுது. நக்கிருங்க" என்றார்.

நக்கினேன்.

அடுத்தது ஆவி பிடித்தல். திங்கட்கிழமை மாமியாரும் மனைவியும் கோயிலுக்குக் கிளம்பும்போது, கொதிக்கிற நீரில் நொச்சியிலையும் மஞ்சளும் போட்டு என் முன்னால் வைத்து, கம்பளியால் மூடிவிட்டு, "நாங்க வரவரைக்கும் வெளியே வராதீங்க" என்று சொல்லிப் போனார்கள். இட்லியின் வாழ்க்கை எத்தகையது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. விடாமல் அடித்தது. அப்படியே எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். தலையோடு கால் கம்பளி, நடுவில் சிவந்த முகம், நெற்றியில் ஒரு நொச்சியிலை, மூக்கிலும் வாயிலும் புகை. வெளியே நின்ற கூரியர் பையன் பார்சலைத் தரையில் வைத்துவிட்டு மூன்று படி பின்னால் போனான். "ஓடிபி வேண்டாம் சார்" என்றான். என் அனுபவத்தில் அந்த ஒரு பார்சல்தான் ஓடிபி இல்லாமல் வந்தது.

நடுவில் மேல்வீட்டு அக்கா கற்பூரவல்லி இலை பறித்துத் தந்தார். அதைப் பஜ்ஜியாகப் போட்டார்கள். சொன்ன அளவுக்கு மேலேயே நான் சாப்பிட்ட ஒரே மருந்து அதுதான். எண்ணெய்ப் பண்டம் இருமலுக்கு ஆகாது என்பதை ஒன்பதாவது பஜ்ஜிக்கு அப்புறம் சொன்னார்கள்.

எட்டாம் நாள் காலையில் எழுந்தால் இருமல் இல்லை. உடனே வெற்றி யாருடையது என்று பஞ்சாயத்து ஆரம்பித்தது. மாமியார் மிளகுப்பால் என்றார். மனைவி அரிசித் திப்பிலி என்றாள். மேல்வீட்டு அக்கா மாடிப்படியில் நின்றபடியே கற்பூரவல்லிக்கு உரிமை கோரினார். "சாதாரண இருமல் பெரும்பாலும் தானாகவே போய்விடும்" என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மூவரும் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமியார் 'லொக்' என்றார்.

எனக்கு உள்ளூர எவ்வளவு ஆனந்தம் என்று உங்களிடம் மறைப்பானேன். "அத்தை, நீங்க உட்காருங்க, நான் மிளகுப்பால் போடறேன்" என்று துள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். பேர்தான் அஞ்சறை, கிண்ணம் ஏழு. ஆறில் கடுகு, சீரகம், மிளகு முதலான வழக்கமான கோஷ்டி. ஏழாவதில் ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி. அதன் அடியில் நாலாக மடித்த சீட்டு. தெருமுனை டாக்டரின் கையெழுத்து, திங்கட்கிழமைத் தேதி. நான் கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்த அதே காலை.

பின்னாலேயே வந்த மாமியார் என் கையிலிருந்து அட்டையை நிதானமாக வாங்கி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார்.

"இது எனக்குள்ளது மாப்பிள்ளை. இந்தக் கஷாயமெல்லாம் எனக்கு ஒத்துக்கிடாது."