படத்துக்கு ஒரு கம்பெனி

நான் கணக்கெழுத வந்த எண்பதுகளில், சினிமாக் கம்பெனி என்றால் வடபழனியில் வாடகைக்குப் பிடித்த ஒரு மாடி, மாலை போட்ட சாமி படம், கறுப்புத் தொலைபேசி, புரொடக்‌ஷன் மேனேஜர், நான். பூஜையன்று பலகை ஏறும். படம் ஓடி அடங்கியதும் இறங்கும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுத்த கதையை மூத்தவர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள். எங்களுக்கு மாதம் ஏது? ஷெட்யூல் இருந்தால் பேட்டா, இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சு.

கதை முடிவாகும் முன்பே விநியோக ஏரியா பேசுவார்கள்: என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), மதுரை-ராமநாதபுரம், கோவை, சேலம். விநியோகஸ்தர் தரும் அட்வான்ஸில் முதல் ஷெட்யூல் நகரும். மீதிக்கு ஃபைனான்சியர். அவருக்கு ஈடு நெகடிவ்தான். அது லேபில் தூங்கும். லேப் கொடுத்த கடிதம் அவர் பீரோவில் தூங்கும். அவர் தலையாட்டாமல் ஒரு பிரிண்டும் வெளியே வராது. ரிலீசுக்கு முந்தைய இரவு, போன படத்துப் பாக்கியையும் சேர்த்துத்தான் பேசுவார். எங்கள் நிர்வாகவியல் முழுவதும் அந்த ஓர் இரவில் அடக்கம்.

1998-ல் மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. இனி வங்கியே கடன் தரும் என்றார்கள். எங்கள் தெருப் பக்கம் எந்த மேனேஜரும் வந்து நான் பார்க்கவில்லை.

இப்போது முதலாளியின் மகன், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தவர், படத்துக்கு ஓர் எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) பதிகிறார். "ஒரு படம் விழுந்தாலும் இன்னொண்ணைத் தொடாது அங்கிள். எல்லாமே புராஜெக்ட் பேஸ்டு" என்று திரையில் படம் போட்டு விளக்கினார். பலகையை ஏற்றி இறக்கியே தோள் தேய்ந்த நான் பவ்யமாகக் கேட்டுக்கொண்டேன். காபி மட்டும் நன்றாக முன்னேறியிருக்கிறது.

நெகடிவ் ஒழிந்துவிட்டது. தியேட்டர் சர்வரைத் திறக்க கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி வேண்டும். ஃபைனான்சியர் தடையில்லைக் கடிதம் தந்தால்தான் அது கிளம்பும். போன ரிலீசுக்கு முந்தைய இரவு முதலாளியின் மகன் அவரிடம், "பழைய படம் வேற கம்பெனி சார்" என்று ஆவணத்தை நீட்டினார்.

"கம்பெனி வேறதான் தம்பி. கையெழுத்து உங்களுதுதானே?"

விடியும்போது, அடுத்த படத்தின் ஓ.டி.டி. வரவை அவருக்கு எழுதிக் கொடுத்தோம். காலைக் காட்சி தாமதமாகத் தொடங்கியது. அடுத்த படத்துக்குக் கதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.