நல்ல விளைச்சல்

இந்த வருஷம் மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று கவலைப்படுகிறவர்கள் சென்னைக்கு வடக்கே ஒரு நடை காட்டுப்பள்ளிக்குப் போய்வர வேண்டும். வானம் பார்த்த பூமி என்கிற பேச்சே அங்கே எடுபடாது. மணல்மேட்டில் கண்டெய்னர் நட்டிருக்கிறார்கள், முப்போகமும் அதுதான். பூச்சி அரிக்காது, குருவி கொத்தாது.

இந்தப் பாக்கியம் ஒரே நாளில் வாய்த்ததல்ல. பக்கத்து மீஞ்சூர் வட்டாரம் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. சென்னையின் தாகம் பார்க்கப் பொறுக்காமல் 1960-களில் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கினார்கள். காலியான இடத்தை வீணே விடலாமா? கடல் மைல் கணக்கில் உள்ளே வந்து நிரப்பிக் கொடுத்தது. வயலுக்கு உப்பு, அதுவும் காசில்லாமல். பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியிலேயே ஆலை வைத்து, கடல்நீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கி அதையும் சென்னைக்கே அனுப்பினார்கள். பிரித்தெடுத்த உப்பை நகரம் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, பாருங்கள். உவர்க்கழிவோடு காட்டுப்பள்ளிக் கடலிலேயே விட்டுவிட்டது. கர்ணனுக்குக்கூட இந்தப் பங்கீடு தோன்றியிருக்காது.

பக்கத்துப் பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு இன்று கிடைத்தால் இன்னொருவர் தன் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். முகத்துவாரம் மண்மூடி இறால் குறைந்தபின் அந்தக் காத்திருப்பெல்லாம் எதற்கு? இப்போது எல்லாருக்கும் ஒரே பாடுதான். தெற்கே கொசஸ்தலையாற்றில் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றில் இறால் தடவுவார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே மெத்தைபோலப் படிந்திருக்கிறது. கைக்கு எவ்வளவு இதம்!

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். எல் அண்ட் டி கட்டியதை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரை 6,100 ஏக்கருக்கு மேல் ஆக்கவும், ஆண்டுக்கு 2.46 கோடி டன் சரக்குக் கையாளும் திறனை 32 கோடி டன் ஆக்கவும் திட்டம் போட்டார்கள். எந்த உழவனுக்கு ஒரே போகத்தில் 13 மடங்கு மகசூல் காட்டத் தெரியும்? ஊரார் கருத்தைக் கேட்க 2021 ஜனவரியில் நாள் குறித்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் குறித்தார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். அவ்வளவு அருமையான கருத்தை அவசரப்பட்டா கேட்பது?

துறைமுகத்துக்கென்று கடலில் கல் கொட்டினால் மணல் தென்புறம் சேரும், வடபுறம் கரை அரிக்கும் என்று இந்தக் கடற்கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அரித்தால் என்ன? கடலைத் தூர்த்தே ஏறத்தாழ 2,000 ஏக்கர் எடுப்பதாகத் திட்டத்தில் இருக்கிறதே. போனதற்கு வந்தது சரியாகிவிடும். பட்டாதான் வேறு பெயரில் இருக்கும்.

சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ரேஷனில் அரிசி இலவசம். குழம்புக்கு மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மீனவப் பெண்கள் காசிமேட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். சாதாரண பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம்கூடக் கிடையாது.