கழத்தும் மருமவனே, கழத்தும்

மருமவனே, சில்வராடோ வாங்கியாச்சு. ரொம்பச் சந்தோசம். நாலு கதவு, பின்னால பெரிய தொட்டி, ஏறி உக்கார படி, 5.3 லிட்டர் வி8 எஞ்சின், 355 குதிரைச் சக்தி. இதுவரைக்கும் தொட்டியில என்ன லோடு ஏத்துனீருன்னு உம்ம வீட்டுக்காரிகிட்ட விசாரிச்சேன். அரிசி மூட்டை ரெண்டு, பியர்லேண்டு மீனாட்சி கோயில்ல ஒரு கல்யாணத்துக்கு வாழைமரம் ஒரு சோடின்னு சொன்னா. இதுல மூணுல ஒரு பங்கு சக்தி வச்சிருந்த டாட்டா லாரியிலதான் நான் தூத்துக்குடி உப்பைப் பெங்களூரு வரைக்கும் கொண்டுபோயிருக்கேன். அது கிடக்கட்டும். ஹூஸ்டன் பெரிய ஊரு, வாழைமரமும் பெரிய மரமாத்தான் இருந்திருக்கும்.

இப்போ அந்த வண்டியில ஒரு கொறை கண்டுபிடிச்சிருக்கீரு. முன் பம்பருக்குக் கீழ கறுப்பா தொங்குதே பிளாஸ்டிக், ஏர் டேம், அது உம்ம கண்ணை உறுத்துது. மீசை முறுக்குன ஆம்பளைக்கு எச்சித்துணி கெட்டுன மாதிரி இருக்காம். சவத்தைக் கழத்தி எறிஞ்சிட்டா வண்டி எடுப்பா நிக்குமாம். ஆபீசுல கூட வேலை பாக்குத வெள்ளைக்காரரு கழத்திட்டாராம். அவருக்கு ஊருக்கு வெளிய பண்ணை இருக்கு, மாடு இருக்கு, ஆத்தங்கரையில பாதி மண்ணு பாதி கல்லுமா ரோடு இருக்கு. உமக்கு இருக்கிறது ஒரு சிமிண்டு டிரைவ்வே. அதுலயும் பாதிய நாந்தான் வத்தல் காயப்போட்டு மறிச்சிருக்கேன்.

கழத்தும். நானா வேண்டாங்கேன்? கழத்துததுக்கு முன்னால அது என்னாத்துக்கு அங்கன தொங்குதுன்னு மட்டும் கேட்டுக்கிடும்.

வண்டிக்கு மேல்பக்கம் கண்ணாடி கணக்கா வழவழன்னு இருக்கு. கீழ குனிஞ்சு பாத்தீரா? நீரு எங்க குனியப் போறீரு, சட்டை அழுக்காவும். நாந்தான் கோணியை விரிச்சுப் படுத்துப் பாத்தேன். சஸ்பென்சன் கை, கிராஸ் மெம்பர், ஆயில் சம்பு, எக்ஸாஸ்ட் கொழா, கடைசியில டிஃபரென்சியல் குண்டுன்னு எல்லாம் மேடும் பள்ளமுமா கிடக்கு. ஓடுத வண்டிக்கு அடியில பூருத காத்து ஒவ்வொண்ணுலயும் முட்டி, சுழண்டு, வண்டியப் பின்னால பிடிச்சு இழுக்கும். அந்தப் பிளாஸ்டிக்கு அதை வாசல்லயே மறிச்சு ரெண்டு பக்கமும் ஒதுக்கிவிடுது. மறிச்சா மறிக்கிற எடத்துலயும் காத்து முட்டுமே மாமான்னு கேப்பீரு. முட்டத்தான் செய்யும். ஆனா அடியில போயிப் படுத பாடு அதைவிடப் பெருசுன்னு காத்துக் கூண்டுக்குள்ள வண்டிய நிப்பாட்டி அளந்துதான் மாட்டியிருக்காவ. வேகத்துல மூக்கைத் தூக்கப் பாக்குத காத்தையும் அது கொஞ்சம் கொறைக்கும்.

நம்ம ஊரு ரோட்டுல இந்தப் பேச்சே வேண்டாம். குண்டும் குழியும் போக, மிச்சம் இருக்க எடத்துல ஆடு நிக்கும். காத்துக்கு என்ன வேலை? ஆனா நீரு இருக்கிறது டெக்ஸாசு. ஆஸ்டினுக்குத் தெக்கே 130-ம் நம்பர் டோல் ரோட்டுல 85 மைல் வேகத்துல போவலாம்னு போர்டே வச்சிருக்கான், அமெரிக்காவுலேயே அதுதான் ஒசந்த வேகம். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காவும். அதைத் தள்ளுததுக்கு எஞ்சினு எட்டு மடங்கு சக்தியச் செலவழிக்கணும். அதனால இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஊருக்குள்ள சம்பளம் இல்லாத வேலை, ஹைவேயிலதான் அது சம்பாதிக்கும்.

எம்புட்டுச் சம்பாதிக்கும்? ஒரு கணக்குக்குச் சொல்லுதேன். வருசத்துக்கு 15,000 மைல் ஓட்டுதீரு, காலனுக்கு 20 மைல் குடுக்குன்னு வையும். 750 காலன். கழத்துனதுல நூத்துக்கு ரெண்டு கூடக் குடிச்சா 15 காலன். காலன் 3 டாலர்னா 45 டாலர். நீரு சிரிக்கீரு. காப்பிக்கடையில ஒரு மாசத்துக்கு அதைவிடக் கூட விடுதேன் மாமாங்கீரு. சரிதான், உம்ம பையிலருந்து பாத்தா அது காசே இல்ல. ஆனா வண்டி செய்யுதவன் இடத்துல நின்னு பாரும். சில்வராடோ ஒரு வருசத்துல இந்த நாட்டுல அஞ்சு லட்சத்துக்கு மேல விக்குது. பதினஞ்சை அஞ்சு லட்சத்தால பெருக்கும். 75 லட்சம் காலன்! இதெல்லாம் 1973-ல அரபு நாட்டுக்காரவ எண்ணெய்க் கொழாயை மூடுனதுல ஆரம்பிச்ச சங்கதி. பங்குல கார் வரிசையா நின்னு நொந்துபோயி, 1975-ல ஒரு சட்டம் போட்டாவ: ஒவ்வொரு கம்பெனியும் விக்கிற வண்டியெல்லாம் சேந்து சராசரியா இம்புட்டு மைலேஜ் குடுக்கணும்னு. 1979 மாடல்லருந்து பிக்கப்பும் அதுக்குள்ள வந்துட்டு. அன்னையிலருந்து கால் மைல், அரை மைலுக்கெல்லாம் அவிய மண்டையப் பிச்சுக்கிடுதாவ. அந்தச் சராசரி தப்புனா கட்டணும்னு இருந்த அபராதத்தை 2025-ல பூச்சியம் ஆக்கிட்டாவ, அது வேற கூத்து. ஆக, அந்தப் பிளாஸ்டிக்கை உமக்காகன்னு மட்டும் மாட்டல. உம்ம தலையில மாட்டியிருக்காவ, அம்புட்டுதான்.

அதனால பெட்ரோலைச் சொல்லி உம்மை நான் பயங்காட்ட மாட்டேன். நான் பயப்படுதது ரேடியேட்டருக்கு. லாரிக்காரன் புத்தி அப்படி.

முன்னால காத்தை மறிச்சா எஞ்சினுக்கு அடியில காத்தழுத்தம் கொறையும். கொறைஞ்ச எடத்தைப் பாத்து கிரில் வழியா நல்ல காத்து ரேடியேட்டருக்குள்ள ஓடியாரும். இதே கம்பெனி 1982-லருந்து 1992 வரைக்கும் வித்த கமாரோ காரு மொத்த மூச்சையும் கீழருந்துதான் வாங்கும். அதுல இந்தப் பிளாஸ்டிக்கு ஒடைஞ்சு விழுந்துட்டா ஊருக்குள்ள சமத்தா ஓடும், ஹைவேயில ஏறுனா கொதிக்கும். தெரியாதவன் தெர்மோஸ்டாட்ட மாத்துவான், வாட்டர் பம்பை மாத்துவான், ரேடியேட்டரையே மாத்துவான். வண்டி கொதிச்சுக்கிட்டே இருக்கும். உம்ம சில்வராடோ அப்படி இல்ல, முன்வாசல் பெருசு. ஆபீசுக்குப் போயி வாரதுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா ஆகஸ்டு மாசத்துல, வெயிலு 100 டிகிரி அடிக்கும்போது, பின்னால கேம்பர் டிரெயிலரை மாட்டி மேட்டுல ஏறப் போறேன்னா, கழத்துததுக்கு முன்னாலயே ஒரு தடவை அதே லோடோட ஓட்டி, சூட்டு முள்ளு எங்கன நிக்குதுன்னு பாத்து வச்சுக்கிடும். கழத்துன பொறவு அதுக்கு மேல போச்சுன்னா திருப்பி மாட்டும்.

சரி, நியாயமா ஒரு காரணம் உண்டு, அதை நீரு சொல்லவே இல்ல, நான் சொல்லுதேன். கடை வாசல்ல ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால குட்டையா ஒரு சிமிண்டுக் கட்டை போட்டிருக்கான்லா, அதுதான் இந்தப் பிளாஸ்டிக்குக்கு எமன். உள்ள போறப்ப வளைஞ்சு குடுத்து ஏறிக்கிடும். அரிசியை ஏத்திட்டு ரிவர்சு எடுக்கீரு பாத்தீரா, அப்போ கட்டையில மாட்டி, பிச்சுக்கிட்டு வந்துரும். கட்டைக்கு ஒரு முழம் முந்தியே நிப்பாட்டும், இல்ல பின்பக்கமா விட்டு நிப்பாட்டும். அந்த ரெண்டும் வராதுன்னா கழத்திப்போடும், தப்பே இல்ல. பண்ணை ரோடு, ஆத்து மணலு, பனி குமிஞ்சு கிடக்குத வடக்கூருன்னு போறவனும் கழத்தத்தான் வேணும். கம்பெனிக்கே அது தெரியும். 2022-ல இதே சில்வராடோவுல ஸட்.ஆர்.2-ன்னு ஒண்ணு விட்டான். பம்பரையே மேல ஏத்தி, முன்னால 31.8 டிகிரி மேடு ஏறுத மாதிரி செஞ்சு, இந்தத் தொங்கலையே எடுத்துட்டான். ராம் 1500-காரன் இன்னும் கெட்டிக்காரன். 2019-ல இருந்து, வேகம் 35 மைலைத் தாண்டுனா அதுவா ரெண்டரை இஞ்சு கீழ எறங்குத மாதிரி ஒண்ணு வச்சுட்டான். ஃபோர்டு எஃப்-150-க்கும் 2021-ல அந்தப் புத்தி வந்துட்டு. அந்த மாதிரி வண்டியில கைய வச்சிராதீரும். அதுல மோட்டாரும் ஒயரும் இருக்கு.

உம்ம விசயத்துல எனக்கு ஏர் டேமப் பத்திப் பயமே கெடையாது. அதுக்கு அடுத்தாப்புல நீரு என்ன கழத்துவீரு, என்ன மாட்டுவீருங்குறதுலதான் பயம். இது போன பொறவு மூக்கு தாழ்ந்திருக்கேன்னு முன்பக்கம் ரெண்டு இஞ்சு தூக்க லெவலிங் கிட்டு வாங்குவீரு. பின்னால லோடு ஏத்துனா சமமா நிக்கணும்னுதான் கம்பெனிக்காரன் பின்பக்கத்தை ஒசத்தி விட்டிருக்கான், உமக்குத்தான் லோடே இல்லையே. தூக்குன பொறவு டயரு சின்னதாத் தெரியும், 33 இஞ்சு டயரு வரும். மைலேஜு நெசமாவே சரியுதது அங்கனதான். அப்போ எவனாவது, பின்கதவைத் தொறந்து போட்டு ஓட்டுனா மைலேஜு கூடும்னு சொல்லுவான், நீரும் தொறப்பீரு. டி.வி.யில மித்பஸ்டர்ஸ்காரவ அதை ஓட்டியே பாத்துட்டாவ, மூடி ஓட்டுதவனுக்குத்தான் லாபம். மூடுன கதவுக்குள்ள காத்து ஒரு சுருளாச் சுத்திக்கிட்டு நிக்கும், மேல வாரக் காத்து அது மேல வழுக்கிக்கிட்டுப் போயிரும்.

வாரண்டி போயிருமோன்னு ராத்திரி தூக்கம் வரலன்னீராமே. தூங்கும். அதே 1975-ல இன்னொரு சட்டமும் போட்டிருக்காவ. நீரு ஒரு பிளாஸ்டிக்கைக் கழத்துனதுக்காகக் கியர் பாக்ஸுக்கு வாரண்டி இல்லன்னு சொல்ல முடியாது. கழத்துனதாலதான் கெட்டுதுன்னு அவன் காட்டணும். ஆனா எஞ்சினு கொதிச்சுப் போயி நின்னீருன்னா அவனுக்குக் காட்டுததுக்கு ஒண்ணு கிடைச்சுரும், பாத்துக்கிடும்.

என் தீர்ப்பு இதுதான். வண்டி பண்ணைக்குப் போறதுன்னா கழத்தும். சிமிண்டுக் கட்டையில நித்தம் இடிக்கீருன்னா கழத்தும். அழகுக்குத்தான்னா கழத்திட்டு எட்ட நின்னு பாரும், பம்பருக்குக் கீழ வண்டியோட எலும்பெல்லாம் தெரியும், அது உமக்கு அழகாப் பட்டா சரி. பிளாஸ்டிக்கைக் குப்பையில போட்டுராதீரும். போல்ட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு அதோட சேத்துக் கெட்டி காரேஜுல வையும், வண்டிய விக்கையில வாங்குதவன் கேப்பான். ஞாயித்துக்கெழம எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. சாக்கெட் செட்டை நான் எடுத்துக் குடுக்கேன், கோணியில படுக்குதது நீரு.