தொந்தரவு தராத சித்தப்பா

தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பேரணாம்பட்டில் இரண்டு வகை. முதல் வகை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாட்டை நடத்தும். இரண்டாம் வகை பழைய மாருதி ஆம்னி ஒன்றை வாங்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளை நடத்தக் கிளம்பும். முதல் வகையால் நாட்டுக்கு ஆபத்தில்லை. இரண்டாம் வகையைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

தெருவுக்கு ஒரு ஜோடி தேறும் என்பதால் பெயர் வேண்டாம். சித்தப்பா, சித்தி என்றே வைத்துக்கொள்வோம். 2019-இல் மாருதி கம்பெனி ஆம்னி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. சித்தப்பா அதைக் கம்பெனியின் சொந்த நஷ்டம் என்று விட்டுவிட்டார். பின் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டார். அந்த இடத்தில் கோரைப்பாய், இரண்டு தலையணை, மடக்கு நாற்காலி, சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், எவர்சில்வர் தூக்கு, கொசுவத்திச் சுருள் எல்லாம் ஏறின. அமெரிக்காவில் வயதான தம்பதிகள் ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். சித்தப்பா வீட்டைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டார். காரணம் கேட்டால் ஒரே பதில்: "போற எடத்துல யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாது, பாரு."

இந்தத் 'தொந்தரவு கூடாது' கொள்கைதான் பாலாற்றங்கரைச் சொந்தங்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

வண்டி நேராக நெடுஞ்சாலைக்குப் போகாது. பள்ளிகொண்டாவில் சுங்கச்சாவடி இருக்கிறது. ஆகவே குடியாத்தம், கே.வி.குப்பம், காட்பாடி, திருவலம் என்று சுற்றி ராணிப்பேட்டை. "இன்னாத்துக்கு சித்தப்பா இந்தச் சுத்து?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "காமராசரு முதலமைச்சரான பிறகு சட்டசபைக்குப் போறதுக்கே 1954-ல குடியாத்தத்துல நின்னு ஜெயிச்சுதான் போனாரு. நான் ராணிப்பேட்டை போறதுக்குக் குடியாத்தம் வழியா போகக் கூடாதா?" என்பார். சுங்கம் கட்டாமல் போய்ச் சேரும் ஊரில் இருப்பவர்கள் நெருங்கிய சொந்தம். சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், கூடப் பிறந்தவர்களே ஆனாலும், தூரத்துச் சொந்தம்.

சித்தப்பா ஷாப்பில் பார்த்தது தோலைத் தரம் பிரிக்கும் வேலை. வெளிச்சத்தில் விரித்துப் போட்டு உண்ணிக்கடி, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று தனித்தனியாக அடுக்குவது. வேலை ஓய்ந்தது, கை ஓயவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளைக் குனிந்து எடுத்து வளைத்துப் பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். "மாப்ள ரெண்டாயிரம் குடுத்து வாங்கினாராமா? தோலே இல்ல இது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் வலது காலை உள்ளே வைப்பார். அடுத்து சோபா. உட்காருவதற்கு முன் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அசல் தோலாக இருந்தால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் ஓடும். ஓடவில்லை. "ரெக்சின்" என்று சித்தியிடம் ரகசியமாகச் சொல்வார். அடுப்படி வரைக்கும் கேட்கும். இதே முறையில் சொந்தங்களையும் அவர் பிரித்து வைத்திருக்கிறார். யார் செகண்ட், யார் ரிஜெக்ட் என்பது அவரவர் கொடுக்கும் டீயின் சூட்டைப் பொறுத்து வருஷா வருஷம் மாறும்.

சித்தியின் துறை நிதி. வண்டியின் டேஷ்போர்டில், எலுமிச்சம்பழத்துக்கும் சாமி படத்துக்கும் நடுவில், அட்டை கிழிந்த மொய் நோட்டு ஒன்று இருக்கும். எந்த வீட்டு வாசலில் வண்டி நின்றாலும் இறங்குமுன் அந்த வீட்டுக்கான பக்கத்தைப் புரட்டிவிடுவாள். நாம் காதுகுத்துக்கு வைத்தது எவ்வளவு, அவர்கள் மஞ்சள் நீராட்டுக்குத் திருப்பியது எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் முகத்தில் எவ்வளவு சிரிப்பு வேண்டும் என்பது முடிவாகும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு பை எப்போதும் வண்டியில் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது என்பதைக் காயைக் கொடுக்குமுன் சொல்லிவிடுவாள். குடியாத்தத்துக் கொழுந்தியாள் கொடுத்த முருங்கைக்காய் காட்பாடியில் இறங்கும், காட்பாடி மாம்பழம் ராணிப்பேட்டையில் இறங்கும். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை, கைக்காசும் செலவானதில்லை.

இரவுதான் கண்டம். "நாங்க சாப்ட்டுதான் வந்தோம், நீ ஒண்ணும் பண்ணாத. வண்டியிலயே பட்துக்கறோம்" என்பார் சித்தப்பா. சொன்னபடி அண்ணன் மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிண்டுவார்கள். எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்ப்பாள். பால்காரர் நின்று பார்ப்பார். "பெத்த அப்பனாட்டம் வளத்த சித்தப்பன ரோட்ல படுக்க வச்சிட்டா பாரு" என்ற செய்தி விடிவதற்குள் மூன்று தெருவுக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் அண்ணன் மகள் அழுது கெஞ்சி உள்ளே கூட்டிப்போய்க் கட்டில் கொடுத்து, தானும் வீட்டுக்காரரும் தரையில் படுப்பார்கள். "நீ சொல்றியேன்னுதான்" என்று சித்தப்பா கட்டிலில் ஏறுவார்.

இந்த வித்தை பலிக்காத இடம் ஒன்றே ஒன்று: ஆம்பூர் பாய் வீடு. ஷாப்பில் கூட வேலை பார்த்தவர். வண்டி நின்றதும் பாய் பேசமாட்டார். கையை நீட்டிச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "சாப்ட்டுதான் வந்தோம் பாய்." "சரி, அது சாப்பாடு. இது பிரியாணி." சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய், தயிர் வெங்காயம். இரண்டாவது தட்டுக்குத் தொந்தரவு என்ற பேச்சே வராது.

இவர்களால் முடியாத காரியம் ஒன்று உண்டு: சமாதானம் செய்து வைப்பது. பாலாற்றில் கலக்கும் தோல் கழிவைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடும்பத்தில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே கிடக்கும் மூன்றடிச் சந்துக்குத் தீர்ப்பு வரவில்லை. கேஸ் கட்டு ஆம்னியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே மாவட்டமாக இருந்தபோது முறைத்துக்கொண்டிருந்தவர்கள், 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம் முறைக்கிறார்கள். சித்தப்பா இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் சொல்வார். கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தால் எப்போதோ ராசியாகியிருக்கும்.

ஆனால் யாராவது ஒருவரை வேலூர் சி.எம்.சி.யில் சேர்த்துவிட்டார்கள் என்று போன் வந்தால், அந்த ஆம்னி அன்று சுங்கச்சாவடி வழியாகவே போகும். சில்லறையைப் பற்றிப் பேச்சிருக்காது. கேஸ் அடுப்பில் கஞ்சி கொதிக்கும். கோரைப்பாயில், துணைக்கு வந்து இரண்டு நாள் கண் மூடாத யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சித்தப்பா வெளியே மடக்கு நாற்காலியில் காவல் இருப்பார். அந்த நோயாளி அவருடைய கணக்கில் செகண்டா, ரிஜெக்டா என்று சித்திகூடக் கேட்கமாட்டாள்.

ஆகையால் உங்கள் தெருமுனையில் வெள்ளை ஆம்னி திரும்பினால் விளக்கை அணைத்துவிட்டு ஊரில் இல்லாதது மாதிரி நடிக்காதீர்கள். கதவைத் திறந்து, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு படி அரிசி கூடப் போடுங்கள். செருப்பை மட்டும் முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.