மின்சாதனப் பதிவேட்டில் ஏறிய நாவல்கள்

பெறுநர்: உயர்திரு விடுதிக் காப்பாளர் அவர்கள், மகளிர் விடுதி.

பொருள்: பறிமுதலான ஏழு மின்சாதனங்களைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

சென்ற வாரம் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியிருந்த அறையில் தாங்கள் நடத்திய திடீர்ச் சோதனையின் பலனை, இன்று கையெழுத்துப் போடும்போதுதான் பதிவேட்டில் கண்டு மெய்சிலிர்த்தேன். கெட்டில் 2, அயர்ன் பாக்ஸ் 1, இண்டக்‌ஷன் அடுப்பு 1, நாவல் 7. மேலே தலைப்பு: 'அனுமதியற்ற மின்சாதனங்கள்'. அபராதமும் அதே கணக்கு, ஒன்றுக்கு 500 ரூபாய். தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு மின்சாரம் ஓடுவதை எந்த விமர்சகரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

தங்கள் அச்சம் நியாயமானதே. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். ஐந்தையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அட்டையைப் பார்த்ததுமே, "ரூம்லயே சமைக்கிறீங்களா?" என்று பிடித்துவிட்டீர்கள். அது சிறுகதைத் தொகுப்பு. போகட்டும், வாட் ஒன்றுதான். அசோகமித்திரனின் 'தண்ணீர்' மட்டும்தான் கவலை. அதைக் கெட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள். ஷாக் அடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"படிக்கணும்னா லைப்ரரி இருக்கே" என்றீர்கள். இருக்கிறது. வகுப்பு விடும்போது அதைப் பூட்டுகிறார்கள். ஆறரைக்கு விடுதி கேட்டையும் பூட்டுகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. நம் விடுதியின் முதல் விதி, முன் அனுமதியின்றி ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது. ஆண்கள் விடுதி மெஸ்ஸில் ப்ரொஜெக்டர் வைத்து நள்ளிரவு வரை ஐபிஎல் பார்க்கிறார்களே, அங்கே எத்தனை பேர், எத்தனை வாட் என்று யாராவது எண்ணினார்களா?

அதையாவது விட்டுவிடலாம். வீடுகளுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு ராத்திரியில கூட்டம் கூட்டுறா" என்றீர்களே, அது என்ன பேச்சு? என் அறைத்தோழியின் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து வந்து, ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மதியம் வரை நின்றார். என்ன கூட்டம் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. மகள் ஏதோ அசிங்கம் செய்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி அவர் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறார். ஊருக்குப் புத்தகம் வாங்கப் பணம் தருகிற மனிதரை, மகள் புத்தகம் படித்தாள் என்பதற்காக வெயிலில் நிறுத்தினீர்கள்.

மன்னிக்கவும் அம்மா, வோல்டேஜ் கொஞ்சம் ஏறிவிட்டது. தங்கள் ஆட்சியில் விடுதி பாதுகாப்பாகவே இருக்கிறது. கொசு, குடிநீர், கழிவறைத் தாழ்ப்பாள் தவிர வேறு குறையில்லை.

ஆகவே, அபராதத்தை ரத்து செய்து, புத்தகங்களைத் திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். புத்தகம் தரத் தாமதமானாலும் பரவாயில்லை. அந்த அப்பாவுக்கு இன்றே ஒரு போன் போட்டு, அவர் மகள் கதை படித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மூன்றாமாண்டு மாணவி