கியர் அண்ணை

பலெர்மோவில் கியர் அண்ணையை எங்கே கண்டாலும் அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். சைக்கிளின் பின்சில்லைத்தான் பார்ப்பார். ஊரில் அம்மா சுகமா, பிள்ளை எத்தனையாம் வகுப்பு, சொஜோர்னோ என்ற வதிவிட அனுமதி புதுப்பித்தாயிற்றா என்பதெல்லாம் பிறகு. முதலில், "தம்பி, உந்தச் செயின் எவ்வளவு ஓடியிருக்கு?" தெரியாது என்று சொன்னால் கோபிக்க மாட்டார். பரிதாபப்படுவார். கோபித்தால் அதோடு போய்விடும். பரிதாபப்பட்டாரென்றால் அடுத்த சம்பளத்தில் உங்கள் செயினும் பல்லுச் சில்லும் மாறியிருக்கும்.

அவருக்குப் பெயர் வேண்டாம். ஒரே ஒருவர் என்றால்தானே பெயர் சொல்ல. ரொறன்ரோவில் இதே ஆள் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசுவார். லண்டனில் பழைய ரொயோட்டாவைப் பற்றி. சிசிலியில் அவருக்கு வாய்த்தது மவுண்டன் பைக்.

வாய்த்ததற்கு நியாயம் உண்டு. 1980களிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலர் பலாரோ சந்தையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் குடியேறினார்கள். வேலை அங்கே இருக்கவில்லை. லிபெர்த்தா வீதிப் பக்கம் சின்யோராக்களின் மாடிவீடுகளிலும், மொந்தெல்லோக் கடற்கரைப் பங்களாக்களிலும் இருந்தது. பஸ் வரும்போது வரும். கார் வாங்கினால் நிறுத்த இடம் தேடித்தேடியே பென்சன் வயது வந்துவிடும். நகரமோ மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே விரிந்து கிடக்கிற சமதரை. யாழ்ப்பாணத்தானுக்குச் சமதரையைக் கண்டால் கால் தானாகப் பெடலைத் தேடும்.

சமதரைக்கு மலைச் சைக்கிள் எதற்கு என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களைக் கையோடு குவாத்ரோ கந்திச் சந்திக்குப் பக்கத்து ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பழைய நகரத்தின் தெருக்களில் பாவியிருப்பது பில்லியெமி மலையில் வெட்டிய சாம்பல் நிறப் பலகைக்கல். தலைமுறை தலைமுறையாக ஆளும் வண்டியும் தேய்த்து மினுங்குகிறது. ஒரு தூறல் தூறினால் போதும், ஒல்லி ரயர்க்காரர் சரிந்து விழுவார். தூறாவிட்டால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள நீக்கல் அந்த ரயரைக் கவ்விக்கொள்ளும். "உதுக்கு ரெண்டு இஞ்சி ரயர் வேணும் தம்பி. காத்தை இறுக்கி அடிக்கப்படாது. கல்லைப் பிடிச்சுக்கொண்டு ஓட வேணும்." இதுவரை அண்ணை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவர் இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

நிறுத்த மாட்டார். அடுத்தது தலபுராணம். கலிபோர்னியாவில் மரின் என்ற இடம், 1976ஆம் ஆண்டு. சில பொடியள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றிக்கொண்டு போய், மண்பாதையில் தலைகால் தெரியாமல் கீழே விட்டார்கள். பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிறேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் குடத்துக்குள் இருந்த கிறீஸ் எரிந்து புகையாகப் போய்விடும்; ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர் வந்தது. காரி பிஷர், ஜோ பிறீஸ் என்று அந்தப் பொடியளின் பெயர்களை அண்ணை தேவாரம் பாடுகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கீழே ஓடி வந்த கதையைவிட, கிறீஸ் அடைத்த கதையில்தான் அவர் குரல் தழுதழுக்கும்.

பிறகு இத்தாலிய காண்டம். 1985இல் சினெல்லிக் கொம்பனி 'ரம்பிக்கீனோ' என்ற மொடலை இறக்கியது. இத்தாலிக்காரர்களுக்கு மலைச் சைக்கிளை அறிமுகம் செய்தது அதுதான். வயதானவர்கள் இன்றைக்கும் எந்த மலைச் சைக்கிளையும் ரம்பிக்கீனோ என்றுதான் சொல்வார்கள். கம்பஞ்ஞோலோவும் மலைச் சைக்கிளுக்குக் கியர் செய்து பார்த்துவிட்டு 1990களின் நடுப்பகுதியில் கைகழுவிவிட்டது. ஷிமானோ வந்து நின்றுகொண்டது. "எங்கட ஆக்கள் ஜப்பான்காரனிட்டை விட்டுக்குடுத்திட்டாங்கள்" என்பார். எங்கட ஆக்கள் என்பது விசென்சா நகரத்துக் கொம்பனிக்காரர். கியர் விஷயத்தில் மட்டும் அண்ணை இத்தாலியர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாஸ்தா வைத்தால் உடனே யாழ்ப்பாணத்தவர் ஆகிவிடுவார்.

இனி அவருடைய சைக்கிள். இருபத்தொன்பது அங்குலச் சில்லு. முன்னுக்கு 150 மில்லிமீற்றர் அமுங்கி எழும்புகிற போர்க். பின்னால் பத்துப் பல்லிலிருந்து ஐம்பத்தொரு பல்வரை பன்னிரண்டு தட்டு. கடைசித் தட்டைப் பார்த்தால் தோசை சுடலாம் போலிருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற டிஸ்க் பிறேக். ஒரு விசையைத் தட்டினால் இருக்கை கீழே இறங்கும். விலை இரண்டு: கடைக்காரருக்குத் தெரிந்தது ஒன்று, அவர் மனைவி அக்காவுக்குச் சொன்னது ஒன்று. வீடு நாலாம் மாடி, லிப்ட் இல்லை. சைக்கிள் விறாந்தைச் சுவரில், நல்லூர்க் கந்தன் படத்துக்கும் சாந்தா ரொசாலியா படத்துக்கும் பக்கத்தில் தொங்குகிறது.

தொங்குகிறதே தவிர, பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. ரியூப் இல்லாத ரயருக்குள் ஓட்டையடைக்கும் வெள்ளைப் பால் ஊற்றியிருக்கிறார். பலெர்மோ வெயிலுக்கு அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். சைக்கிள் ஓடினாலும் காயும், ஓடாவிட்டாலும் காயும். ஆகவே ரயரைக் கழற்றி, தோலை உரித்து, புதுப்பால் ஊற்றுவார். போர்க்கின் கீழ்க்காலை ஐம்பது மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்லிக் கொம்பனிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். "இது ஓடவே இல்லையே அண்ணை?" என்று கேட்டதற்கு, "தொங்கினாலும் சீல் காயும்" என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் அவரோடு வாதாடுவதிலுள்ள சங்கடம்.

டிஸ்க் பிறேக்குக்கு எண்ணெய் பட்டால் பிடிக்காது, கீச்சென்று கத்தும். துடைக்க ஐசோபுறொபைல் அற்ககோல் வேண்டும். இத்தாலியச் சுப்பர்மார்க்கெற்றில் போத்தல் போத்தலாக அடுக்கியிருக்கிற இளஞ்சிவப்பு அற்ககோல் ஆகாது; அதில் சாயமும் வேறு கலவையும் உண்டு, கறை விடும். இந்த வித்தியாசம் தெரியாமல் துடைத்துவிட்டு, கத்துகிற பிறேக்கோடு அவரிடம் வருகிறவர்கள் ஏராளம். ஒருமுறை சரஸ்வதி பூசையன்று அக்கா எல்லா ஆயுதங்களுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். தையல் மெசின், அரிவாள், கரண்டி, பிள்ளையின் லப்டொப். அடுத்து சைக்கிளுக்கு முன்னால் நின்று, வட்டமாக மினுங்கிய டிஸ்க்கை நோக்கி விரலை நீட்டினார். கீழ்மாடிச் சின்யோரா பொலிஸைக் கூப்பிட யோசித்தது அன்றைக்குத்தான். "டிஸ்க்கிலை வைக்காதை! பிரேமிலை வை, பிரேமிலை!" மகன் தன் அறையிலிருந்து, "மா பஸ்தா, அப்பா, போதும்" என்றான்.

இளைஞர்களுக்கு அவர் சொல்லும் ஆலோசனை எல்லாம் சுவரில் தொங்குகிற சைக்கிளின் மொழியில்தான் இருக்கும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியன் ஒருவன் மோட்டர் பூட்டிய மலைச் சைக்கிளோடு வந்தான். சட்டப்படி 250 வாற் மோட்டர், இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்துக்குமேல் உதவாது. ஆனால் சந்திக்குச் சந்தி நின்று எடுக்கும்போது அந்த இழுவை முழுவதும் செயினில் ஏறும். அண்ணை ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு அடிமட்டத்தை எடுத்தார். அங்குலக் கோடு போட்டது. இத்தாலியில் அப்படி ஒன்று தேடினாலும் கிடைப்பது அரிது. ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தார். செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். அடுத்த ஆணியிலிருந்து எண்ணினால் இருபத்துநாலாவது ஆணி சரியாகப் பன்னிரண்டில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பல்லுச் சில்லையும் சேர்த்துத் தின்றுவிட்டது என்று அர்த்தம். பொடியனின் ஆணி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"மோட்டர் இழுக்குதெண்டு சின்னப் பல்லிலையே கிடக்கிறியோ?"

"ஓம் அண்ணை, ஆர் ஒவ்வொருக்காலும் மாத்துறது?"

"சிவப்பு லைற்றிலை நிக்க முன்னம் பெரிய பல்லுக்கு மாத்து. மாத்தாட்டி மாசா மாசம் எனக்குத்தான் வேலை."

இது நல்ல புத்தி. ஆனால் இதோடு பொடியனை அனுப்பினாரா? வேலைக்கு ஓடுகிற அந்தப் பிள்ளையிடம் கார்பன் ஹாண்டிலின் அருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பின்னால் பெட்டியில் யாருடையதோ பீற்சா ஆறிக்கொண்டிருந்தது.

அண்ணை தினமும் வேலைக்குப் போவது எதில்? அதை யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. மாடிப்படிக்குக் கீழே, கம்பிக் கதவுக்குள், மொத்தச் சங்கிலியும் யு பூட்டும் போட்டு ஒரு கிழட்டுச் சைக்கிள் நிற்கிறது. ரம்பிக்கீனோக் காலத்து இரும்புச் சட்டம், இருபத்தாறு அங்குலச் சில்லு, முன்னுக்கு அமுங்காத வெறும் போர்க். முள்ளு ரயரைக் கழற்றி எறிந்துவிட்டு வழுவழுப்பான இரண்டு அங்குல ரயர் போட்டிருக்கிறார். தார் ரோட்டில் சத்தமே வராது. மட்கார்ட் உண்டு. கரியர் உண்டு. கரியரில் பலாரோவில் எடுத்த தோடம்பழப் பெட்டி கட்டியிருக்கிறது. பின்னால் ஏழு தட்டு, பாவிப்பது மூன்று. அதன் செயின் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், தட்டுக்கும் அப்படித்தான். பிறேக் கட்டை தேய்ந்தால் ஐந்து நிமிட வேலை. கள்வன் பார்த்தால் அடுத்த சைக்கிளுக்குப் போய்விடுவான்.

ஆபிரிக்காவிலிருந்து சிரொக்கோக் காற்று வீசுகிற நாட்களில் சகாராத் தூள் வந்து கார்க் கண்ணாடியெல்லாம் செம்மண் நிறமாகும். மொந்தெல்லோப் பக்கம் போனால் உப்புக்காற்று. இரண்டும் செயின் எண்ணெயில் ஒட்டினால் அரம்தான். மற்றவர்கள் அதன்மேலேயே இன்னும் எண்ணெயை ஊற்றுவார்கள். அண்ணை அன்று பின்னேரமே பழந்துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னுக்குச் சுற்றித் துடைப்பார். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி. கொஞ்ச நேரம் விட்டு, வெளியில் நிற்கிற எண்ணெயை மறுபடி துடைத்துவிடுவார். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே தெரியக்கூடாது. இதை அவர் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை. 1990களில் கரண்டும் பற்றறியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை அது. செயின் இறுகினால் செய்தி நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், அந்த நகரத்தில் அன்றாடம் ஓடுவதற்கு அதைவிடச் சரியான சைக்கிள் இல்லை. புதிதாக வாங்கப் போகிறவர்கள் அண்ணையின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். காசை ரயருக்கும் பிறேக்குக்கும் பூட்டுக்கும் செலவழிக்கலாம். அமுங்குகிற போர்க் மலையில் இறங்குகிறவர்களுக்கு.

மலை இருக்கிறதுதான், வீட்டு பல்கனியிலிருந்தே தெரிகிறது. பெல்லெக்ரீனோ மலை, 606 மீற்றர். அடிவாரத்தில் பவோரித்தாப் பூங்கா. உள்ளூர்ப் பொடியள் சேறு தெறிக்கச் சைக்கிள் ஓடுவது அங்கேதான். மலைக் குகையில் சாந்தா ரொசாலியா கோவில். 1624இல் நகரத்தைக் கொள்ளைநோய் பிடித்தபோது புனிதையின் எலும்புகள் அந்தக் குகையில் கிடைத்தன, அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவர நோய் நீங்கியது என்பது நகரத்தின் நம்பிக்கை. சைவமோ வேதமோ, பலெர்மோத் தமிழருக்கு அந்தத் தாய் தங்கள் தாய்தான். செப்ரெம்பர் 4 திருநாளுக்கு ஊரே நடந்து ஏறும். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு.

அண்ணையும் வெறுங்காலோடுதான் ஏறுவார். நேர்த்தி என்னவென்று சொல்ல மாட்டார். சைக்கிள் வாங்கிய வருடம் தொடங்கியது என்று அக்கா சொல்வார். பழைய கற்பாதையை வளைந்து வருகிற தார் வீதி இடைக்கிடை வெட்டிக் கடக்கும். அப்படி ஒரு வளைவில் விடிகிற நேரம், செயின் அறுந்துபோய் ஓர் இத்தாலியப் பொடியன் நின்றான். அண்ணை காற்சட்டைப் பைக்குள் கையை விட்டார். கற்பூரப் பெட்டி, திருநீறு, அதற்குக் கீழே செயின் கழற்றும் கருவியும் பொருத்தும் கண்ணி ஒன்றும். இரண்டு நிமிடம். பொடியன் வாயைப் பிளந்தான். உங்களிடம் என்ன சைக்கிள் இருக்கிறது என்று கேட்டான். அது கேட்கக் கூடாத கேள்வி. பின்னால் வந்த மூன்று செபமாலைக் கூட்டங்கள் எங்களைத் தாண்டிப் போயின.

கடைசியில் பொடியன், இந்தக் கிழமை நண்பர்களோடு காட்டுப்பாதையில் மலையிறங்குகிறோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டான். அண்ணை தலையாட்டினார். மேல் வளைவில் காத்துநின்ற அக்கா என்னவாம் என்று கேட்டார்.

"சைக்கிளோட மலை இறங்க வரட்டாம். வாறன் எண்டிட்டன்."

"அப்பாடா, உந்தச் சாமானைச் சுவரிலையிருந்து இறக்கப்போறியளோ?"

"விசரே உனக்கு? மலையிலை கொண்டுபோய்க் கீறுப்பட்டால் ஆர் பாக்கிறது? பழசிலைதான் போறன்."